எல்லைக்கோட்டில் நிற்பவர்

வங்கதேசத்திடம் தோற்ற மறுநாள் காலை அது. 2025 நவம்பர் 19. முதல் ஷிஃப்டுக்குப் போகிறவர்கள் சிப்காட் பக்கத்து டீக்கடையில் கம்பளிக் குல்லாவோடு நின்றிருந்தார்கள். ஓசூரின் நவம்பர் விடியலில் பால் கொதிக்கிற ஆவியையும் பனியையும் பிரித்துச் சொல்ல முடியாது. சட்டையில் ஏறிய கட்டிங் ஆயில் வாடை மட்டும் இரண்டுக்கும் நடுவே தனியாகத் தெரியும். முந்தின இரவு டாக்காவில் பதினோராவது நிமிடத்தில் வாங்கிய ஒரு கோலை இந்திய அணியால் கடைசிவரை திருப்பிக் கொடுக்க முடியவில்லை. வங்கதேசத்திடம் 22 ஆண்டுகளுக்குப் பிறகு விழுந்த தோல்வி. யாரோ ஆட்டத்தைப் பற்றிக் கேட்டார்கள், நானும் சொன்னேன்: "கோச்ச மாத்தணும். இவரு சரிப்பட்டு வரமாட்டாரு." சொல்லி வாயை மூடவில்லை, அடிவயிற்றில் என்னவோ பிசைந்தது. இதே சொற்களை இதே கடையில், இதே பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்று 2024 ஜூனில் சொல்லியிருக்கிறேன். 2025 ஜூனிலும் சொல்லியிருக்கிறேன். ஆள் மட்டும்தான் வேறு. குரலின் ஏற்ற இறக்கம்கூட மாறவில்லை. டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனேன். அன்று தொடங்கிய உறுத்தல் பல்லிடுக்கில் சிக்கிய பாக்குத் துணுக்குப் போல இன்னும் அங்கேயே இருக்கிறது. நாக்கு தானாக அந்த இடத்துக்கே போகிறது.

ஒவ்வொரு முறையும் எனக்குக் காரணம் இருந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஸ்டீஃபன் கான்ஸ்டன்டைன் 2015இல் இரண்டாம் முறையாக வந்தபோது உலகத் தரவரிசையில் 173ஆம் இடத்தில் கிடந்த அணி, 2017இல் 96க்கு ஏறியது. ஆனால் பந்தைத் தூக்கியடித்துவிட்டு ஓடுகிற அந்த ஆட்டத்தை என்னால் பார்க்க முடியவில்லை. 2019 ஜனவரி 14, போகி. விடியற்காலையில் பழைய பாயையும் கிழிந்த சாக்கையும் தெருமுனையில் எரித்திருந்தோம். அன்று இரவு ஷார்ஜாவில் ஆசியக் கோப்பை ஆட்டம். டிரா செய்தாலே அடுத்த சுற்று என்ற நிலையில் 91ஆவது நிமிடத்தில் பஹ்ரைனுக்குப் பெனால்டி. ஆட்டம் முடிந்த சூட்டிலேயே கான்ஸ்டன்டைன் பதவி விலகினார். எனக்குத் துக்கத்தோடு துக்கமாக ஒரு நிம்மதியும் வந்தது. அந்த நிம்மதியை அன்று நான் கேள்வி கேட்கவில்லை. பிறகு இகோர் ஸ்டிமாச். 1998 உலகக் கோப்பையில் மூன்றாமிடம் பிடித்த குரோஷியாவின் தடுப்பாட்டக்காரர். பந்தைத் தரையில் வைத்து ஆடச் சொன்னார், அது எனக்குப் பிடித்திருந்தது. 2024 ஜனவரியில் ஆசியக் கோப்பையின் மூன்று ஆட்டங்களிலும் தோற்றோம், ஒரு கோல்கூடப் போடவில்லை. மார்ச்சில் குவாஹாட்டியில், சுனில் சேத்ரியின் 150ஆவது ஆட்டத்தில், அவரே கோல் போட்டும் ஆப்கானிஸ்தானிடம் 1–2. ஜூனில் தோஹாவில் கோட்டைத் தாண்டி வெளியே போன பந்தை இழுத்துப் போட்டு கத்தார் அடித்ததை நடுவர் கோல் என்றார். அந்த அநியாயத்துக்கு நடுவரைத் திட்டிய அதே மூச்சில் ஸ்டிமாச்சையும் திட்டினேன். ஆறு நாளில் அவரை அனுப்பினார்கள். அடுத்து வந்த மானோலோ மார்க்கெஸ் எஃப்சி கோவாவையும் இந்திய அணியையும் சேர்த்தே பார்த்துக்கொண்டார். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். எட்டு ஆட்டத்தில் ஒரே ஒரு வெற்றி, அதுவும் மாலத்தீவோடு. ஓய்வை அறிவித்துவிட்டுப் போன சேத்ரியை நாற்பது வயதில் திரும்பக் கூட்டிவந்து பெற்ற வெற்றி. 2025 ஆகஸ்டில் காலித் ஜமீலை நியமித்தபோது டீக்கடையில் எல்லோருக்கும் நான் டீ வாங்கிக் கொடுத்தேன். 13 ஆண்டுகளுக்குப் பிறகு நம்ம ஆள் ஒருவர். தஜிகிஸ்தானை அவர்கள் மண்ணிலேயே வென்று, ஓமனைப் பெனால்டியில் சாய்த்துத் தொடங்கினார். அக்டோபர் 14 அன்று மட்காவில் சிங்கப்பூரிடம் 1–2 என்று தோற்று 2027 ஆசியக் கோப்பை கையைவிட்டுப் போனது. அதன்பிறகுதான் டாக்கா.

இங்கிலாந்துக் கால்பந்தைத் தொலைக்காட்சியில் முதன்முதலாகப் பார்த்த காலத்தில் ஃபெர்குசனை மேனேஜர் என்று சொன்னது எனக்குப் புதிராக இருந்தது. எங்கள் ஊரில் மேனேஜர் என்றால் கண்ணாடி அறைக்குள் இருப்பவர், வாரம் ஒரு முறை லைனைச் சுற்றி வருபவர், அவர் வருகிறார் என்றால் தரையில் எண்ணெய் துடைக்கப்படும். பந்து உதைக்கிறவர்களுக்கு எதற்கு மேனேஜர்? பிறகு புரிந்தது. அந்த ஊர் மேனேஜர் ஆளை வாங்குகிறார், விற்கிறார், பன்னிரண்டு வயதுப் பையன் எந்தத் திடலில் ஆடவேண்டும் என்பதுவரை அவர் கைக்கு எட்டும். ஒரு கிளப்பை அவர் இருபது ஆண்டு கட்டி எழுப்பலாம். தேசிய அணிக்காரருக்கு அப்படி எதுவும் இல்லை. அவரால் யாரையும் வாங்க முடியாது. யாரையும் வளர்க்கவும் நேரமில்லை. கிளப்புகள் விட்டுக்கொடுக்கிற பத்து நாளில், இருபத்துமூன்று வயதில் முழுதாக உருவாகி முடிந்த கால்களைக் கையில் வாங்கிக்கொண்டு, எதை எங்கே நிறுத்துவது என்று யோசிக்கிறார். ஆட்டம் தொடங்கிய பிறகு எல்லைக்கோட்டுக்கு வெளியே வரைந்த ஒரு கட்டத்துக்குள் நின்று கத்துகிறார். தொண்ணூறு நிமிடமும் அந்தக் கட்டத்தைத்தான் நான் முறைத்துக்கொண்டிருக்கிறேன்.

நான் செய்கிற வேலை சோதனை வேலை. எந்த நிறுவனம் என்பது இங்கே வேண்டாம். காஸ்டிங்காக வந்து, லைனில் துளையிட்டு, தேய்த்து, கழுவி என் மேசைக்கு வரும் பாகத்தின் துளைக்குள் ப்ளக் கேஜை விட்டுப் பார்க்க வேண்டும். கேஜின் ஒரு முனை கோ, மறுமுனை நோ-கோ. கோ முனை தன் எடையிலேயே வழுக்கி இறங்க வேண்டும், நோ-கோ முனை வாசலிலேயே நின்றுவிட வேண்டும். விரலுக்குத் தெரியும். அழுத்தி இறக்கினால் அது சோதனை இல்லை. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு முறை, தொடர்ந்து பாகங்கள் தள்ளுபடியானபோது முதலில் மெஷின் ஆபரேட்டரை மாற்றினார்கள். பிறகு ஷிஃப்ட் சூப்பர்வைசரை. பிறகு என் இடத்தில் இருந்தவரை மாற்றி என்னை உட்காரவைத்தார்கள். நான் வந்த பிறகும் தள்ளுபடி குறையவில்லை. கடைசியில் ஒரு பாகத்தை அறுத்துப் பார்த்தபோது உள்ளே குண்டூசித் தலை அளவு காற்றுக்குமிழ்கள், தேன்கூடு போல. வார்க்கும்போதே, உலோகம் குழம்பாக இருந்தபோதே உள்ளே புகுந்த காற்று. எங்கள் கைக்கு வருவதற்கு இரண்டு மாதம் முன்பு, இன்னொரு ஊரில், எங்களில் யாரும் பார்த்திராத ஒரு பட்டறையில் நடந்தது. நாங்கள் மூன்று பேரும் எதற்காக இடம் மாற்றப்பட்டோம்? நாங்கள் கண்ணுக்கு எதிரே இருந்தோம், அதற்காகத்தான். அறுத்த பாகத்தின் அந்தக் குறுக்குவெட்டை இன்றும் மறக்க முடியவில்லை. வெளிப்புறம் கண்ணாடி மாதிரி பளபளப்பு.

ஆனால் இந்த ஒப்புமையை நான் முழுதாக நம்பவில்லை. மனிதர்கள் வார்ப்பு இல்லை. இருபத்துமூன்று வயதுக் காலும் ஒரு வார்த்தையில் மாறக்கூடியது. எல்லைக்கோட்டில் நிற்பவரும் வெறும் சோதனைக்காரர் இல்லை. அதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். 2023 ஜூன் 21, பெங்களூரு கண்டீரவா அரங்கம், தெற்காசியக் கோப்பையில் பாகிஸ்தானோடு முதல் ஆட்டம். மழை. ஓசூரிலிருந்து பஸ் பிடித்துப் போய் இறங்கும்போதே நனைந்துவிட்டேன். சேத்ரி பதினாறு நிமிடத்துக்குள் இரண்டு கோல் போட்டுவிட்டார். முதல் பாதி முடியப்போகும் நேரம், பாகிஸ்தான் வீரர் எறிவதற்காகப் பந்தைத் தூக்க, எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் நின்ற ஸ்டிமாச் பின்னாலிருந்து அதைத் தட்டிவிட்டார். நான் உட்கார்ந்திருந்த இடத்துக்கும் அவருக்கும் இடையே ஓடுதளம் மட்டும்தான். வெள்ளைத் தலைமயிர், நனைந்த சட்டை. இரண்டு அணி ஆட்களும் ஓடிவந்து நெஞ்சோடு நெஞ்சு மோதினார்கள். ரெட் கார்டு. ஐம்பத்தைந்து வயது மனிதர், உலகக் கோப்பையில் ஆடியவர், 2–0 என்று முன்னிலையில் இருக்கும்போது ஒரு பந்தெறிதலுக்காகத் தன்னை மறந்து போனார். தன் பையன்களைக் காக்க வேண்டியிருந்தால் மறுபடியும் செய்வேன் என்று பிறகு எழுதினார். அரங்கம் அவரைக் கைதட்டி அனுப்பியது, நானும் தட்டினேன். தட்டும்போது உள்ளங்கையிலிருந்து மழைத்தண்ணீர் முகத்தில் தெறித்தது. அந்த நிமிடத்தில் அவர் எங்கள் ஆள். குரோஷியாவில் பிறந்தவர் என்பது யாருக்கும் நினைவில்லை.

அடுத்து நடந்ததைத்தான் இந்த உறுத்தல் வந்த பிறகு திரும்பத் திரும்ப நினைக்கிறேன். குவைத்தோடு நடந்த கடைசி லீக் ஆட்டத்தில் ஸ்டிமாச் மறுபடியும் ரெட் கார்டு வாங்கினார். இரண்டு ஆட்டத் தடை. லெபனானோடு அரையிறுதி, குவைத்தோடு இறுதி, இரண்டிலும் அவர் எல்லைக்கோட்டில் இல்லை, துணைப் பயிற்சியாளர் மகேஷ் கவ்லி நின்றார். ஜூலை 4 இரவு நானும் போயிருந்தேன். மறுநாள் காலை ஆறு மணி ஷிஃப்ட். பதினான்காவது நிமிடத்தில் கோல் வாங்கினோம். 38ஆவது நிமிடத்தில் சாங்தே சமன் செய்தார். அதன்பிறகு நூற்றிருபது நிமிடம்வரை எதுவும் நகரவில்லை. பெனால்டியில் நான்குக்கு நான்கு. ஆறாவது உதையை நௌரெம் மகேஷ் உள்ளே அடித்தார். குவைத் வீரரின் உதையை கோல்கீப்பர் குர்ப்ரீத் இடப்பக்கம் பாய்ந்து தடுத்தார். அரங்கம் முழுக்க ரஹ்மானின் வந்தே மாதரத்தை வாத்தியம் எதுவும் இல்லாமல், வெறும் தொண்டையில் பாடியது. நானும் பாடினேன், குரல் கட்டிப்போய் மறுநாள் மேசையில் சைகையில்தான் பேசினேன். இப்போது யோசித்தால், அந்த நூற்றிருபது நிமிடத்தில் ஒரு தடவைகூட நான் பயிற்சியாளரின் கட்டத்தைப் பார்க்கவில்லை. கவ்லி என்ன சட்டை போட்டிருந்தார் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஜெயிக்கும்போது கோல்கீப்பரின் கையைப் பார்க்கிறேன், தோற்கும்போது கட்டத்துக்குள் நிற்கிறவரின் முகத்தைப் பார்க்கிறேன். வெற்றிக்குப் பதினோரு பேர், தோல்விக்கு ஒருவர். இந்தக் கணக்கு எனக்கு எங்கிருந்து வந்தது?

அதே இரவில் இன்னொன்றும் நடந்தது. பதக்கம் வாங்கப் போன ஜீக்சன் சிங், ஏழு நிறம் கொண்ட மணிப்பூர்க் கொடியைத் தோளில் போர்த்திக்கொண்டு நின்றார். 2017இல் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில், கொலம்பியாவுக்கு எதிராக, இந்தியாவின் முதல் உலகக் கோப்பை கோலைத் தலையால் முட்டிப் போட்ட பையன். மணிப்பூர் மே 3 முதல் இனக்கலவரத்தில் எரிந்துகொண்டிருந்தது. எங்கள் லைனில் அந்த மாநிலத்தின் தௌபால் பக்கத்துப் பையன் ஒருவன் இருக்கிறான். ஓசூருக்கு வந்து நான்கு ஆண்டில் எங்களைவிட நன்றாகத் தெலுங்கும் தமிழும் கலந்து பேசுகிறான். அந்த நாட்களில் அவன் ஊரில் இணையம் இல்லை. அம்மாவின் குரல் மட்டும் எப்போதாவது போனில் வரும், முகம் பார்த்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. இறுதியாட்டத்தை ஜூஜுவாடியில் ஆறு பேர் தங்கும் அறையில் ஒரே கைபேசியில் பார்த்தார்களாம். மறுநாள் கேன்டீனில் ஜீக்சனின் படத்தைக் காட்டி ஒருவர், "இது என்ன கொடி, நாட்டு அணியில ஆடறவன் இப்படிப் பண்ணலாமா?" என்று கேட்டார். பையன் பதில் சொல்லவில்லை. சோற்றில் தயிரை ஊற்றிப் பிசைந்துகொண்டே இருந்தான், ரொம்ப நேரம், சாப்பிடாமல். நானும் பதில் சொல்லவில்லை. பயிற்சியாளர்களைப் பற்றி மணிக்கணக்காகப் பேசத் தெரிந்த எனக்கு அந்த இடத்தில் ஒரு வார்த்தை வரவில்லை. அதற்காக இன்றும் வருந்துகிறேன்.

தேசிய அணி என்ற சொல்லில் 'நம்ம' என்பது எதுவரை போகிறது என்பதை எங்கள் ஊர்க்காரர்களால் எளிதாகச் சொல்லிவிட முடியாது. இது எல்லை ஊர். காவிரிப் பிரச்சினை வந்தால் தமிழ்நாட்டுப் பஸ் ஜூஜுவாடியோடு நின்றுவிடும், கர்நாடகா பஸ் அத்திப்பள்ளியோடு நின்றுவிடும், நடுவே இருக்கும் தூரத்தைத் தலையில் பையை வைத்துக்கொண்டு ஜனங்கள் நடந்து கடப்பார்கள். 2016 செப்டம்பரில் அப்படி நடந்தவர்களில் நானும் ஒருவன். அதற்கடுத்த மாதம், அக்டோபர் 19 அன்று, பெங்களூரு எஃப்சிக்கு ஏஎஃப்சி கோப்பை அரையிறுதி, மலேசியாவின் ஜொகூர் அணியோடு. வீட்டில் போக வேண்டாம் என்றார்கள். போனேன். அரங்கத்தில் அம்மாவின் போன் வந்தது, எடுத்து, "மேட்ச் முடிஞ்சதும் கிளம்பிடறேன்" என்று வாயைக் கையால் மூடிக்கொண்டு சொன்னேன். பக்கத்தில் இருந்த பெரியவர் திரும்பிப் பார்த்தார். எனக்குக் காது சூடானது. "ஓசூரா தம்பி?" என்றார், தமிழில். ஆஸ்டின் டவுன்காரர். அவருடைய பாட்டனார் காலத்திலிருந்து அங்கேதான். அன்று சேத்ரி இரண்டு, ஹுவானன் ஒன்று, 3–1. ஆசிய அளவிலான கோப்பையொன்றின் இறுதிக்கு முதன்முறையாக ஓர் இந்திய கிளப். கூச்சலுக்கு நடுவில் பெரியவர் என் காதோரம் வாயை வைத்துப் பழைய பெயர்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்ஸுக்கு எதிராக வெறுங்காலோடு ஆடிய அணிக்கு ஒரே கோலைப் போட்ட சாரங்கபாணி ராமன். 1962 ஆசிய விளையாட்டுக்கு ஜகார்த்தா போன அருமைநாயகம். உலகநாதன். கன்டோன்மென்ட் தமிழ்த் தெருக்களில் தேங்காய் நார் அடைத்த பந்தில் தொடங்கியவர்களைப் பற்றி. பெங்களூரு பயிற்சியாளர் ஆல்பர்ட் ரோகா அன்று எப்படி அணியை நிறுத்தினார் என்று நான் சொல்ல ஆரம்பித்தேன். அவர் கையை ஆட்டி நிறுத்தினார். "அதெல்லாம் சரி தம்பி. எங்க கிரவுண்டுல ஒருத்தர் இருந்தாரு. சாயந்திரம் நாலரைக்கு விசில் அடிப்பாரு. அந்த விசில் கேட்டு வளர்ந்த பசங்கதான் எல்லாரும்." அந்த விசில்காரரின் பெயரை நான் கேட்கவில்லை. அன்று அது எனக்கு முக்கியமாகப் படவில்லை.

பயிற்சியாளரால் எதுவும் ஆகாது என்று நான் சொல்ல வந்தால் ரஹீம் குறுக்கே வந்து நிற்பார். ஹைதராபாத்துப் பள்ளி ஆசிரியர் சையத் அப்துல் ரஹீம். 1950இலிருந்து 1963இல் புற்றுநோயில் இறக்கும்வரை இந்திய அணி அவர் கையில் இருந்தது. 1951 டெல்லி ஆசிய விளையாட்டில் தங்கம், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காமிடம், 1962 ஜகார்த்தாவில் மறுபடியும் தங்கம். ஜகார்த்தா இறுதியாட்டத்தில், நமக்கு எதிராகக் கத்தும் அரங்கத்தில், தென்கொரியாவை 2–1 என்று வென்றோம். பி.கே. பானர்ஜி ஒன்று, தடுப்பாட்டக்காரராக இருந்தும் நெற்றியில் தையலோடு முன்வரிசைக்கு அனுப்பப்பட்ட ஜர்னைல் சிங் இன்னொன்று. தையல் போட்ட தலையோடு ஒருவரை முன்னால் நிறுத்திக் கோல் போடவைப்பது பயிற்சியாளரின் மூளை, சந்தேகமில்லை. கோலில் நின்றவர் பீட்டர் தங்கராஜ். இதை மட்டும் பார்த்தால் நல்ல பயிற்சியாளர் கிடைத்தால் எல்லாம் நடக்கும் என்ற என் பழைய நம்பிக்கைதான் சரி. ஆனால் ரஹீம் வேறு மாதிரியானவர். தேசிய அணியை நடத்திக்கொண்டிருந்தபோதே ஹைதராபாத் நகரப் போலீஸ் அணியையும் பழக்கிக்கொண்டிருந்தார். அதற்கும் கீழே, தெருத்திடல்களில் கண் வைத்திருந்தார். செகந்திராபாத் அம்முகுடாவில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த துளசிதாஸ் பலராமைக் கண்டெடுத்தவர் அவர்தான். பயிற்சிக்கு வரப் பணமில்லை என்று பையன் சொன்னபோது சைக்கிள் வாடகைக்குக் காசு கொடுத்து வரவழைத்தாராம். அந்தப் பையன் இரண்டு ஒலிம்பிக்கில் ஆடினார், ஜகார்த்தாவிலும் ஆடினார், 2023 பிப்ரவரியில் கல்கத்தாவில் காலமானார். மானோலோ இரண்டு அணியை வைத்திருந்ததற்கு நான் கோபப்பட்டேன். ரஹீமும் இரண்டு அணி வைத்திருந்தார். இரண்டும் ஒன்றல்ல என்று தெரிகிறது, எப்படி ஒன்றல்ல என்று சொல்ல நெடுநேரம் பிடித்தது. ரஹீமுக்குக் கீழே இருந்த அணி, மேலே இருந்த அணிக்கு ஊற்று. வார்ப்பதும் சோதிப்பதும் ஒரே கையில் இருந்தது. அந்தக் கைக்குப் பன்னிரண்டு பதின்மூன்று ஆண்டு கொடுத்தார்கள். நானோ எட்டு ஆட்டம் கொடுத்தேன். காலித் ஜமீலுக்கு அதுகூடக் கொடுக்கவில்லை.

காலித் ஜமீலை நினைத்தால் எனக்குக் கூடுதலாக வலிக்கிறது. 2017இல் ஐஸால் எஃப்சி என்ற மிசோ மலைக் கிளப்பை, முந்தைய ஆண்டு கீழ்ப்பிரிவுக்குத் தள்ளப்பட்டு மீண்ட கிளப்பை, ஐ-லீக் சாம்பியன் ஆக்கியவர் அவர். அந்த ஆண்டு பட்டத்தைப் பறிகொடுத்தது எங்கள் பெங்களூரு எஃப்சிதான். அப்போதே அவரை நான் மதித்தேன். சிங்கப்பூர் ஆட்டத்துக்கு அவர் கையில் கிடைத்த கால்கள் எந்த நிலையில் இருந்தன? 2025 ஜூலையில் கிளப்புகள் ஆடும் ஐஎஸ்எல் லீக் நிறுத்திவைக்கப்பட்டது. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பும் தொடரை நடத்திய நிறுவனமும் 2010இல் போட்ட ஒப்பந்தம் டிசம்பரில் முடிய இருந்தது, அடுத்தது எழுதப்பட்டிருக்கவில்லை. கிளப்புகள் சம்பளத்தை நிறுத்தின, பயிற்சியைத் தள்ளிப்போட்டன. லீக் இல்லாமல் வீட்டிலும் மொட்டை மாடியிலும் உடம்பைப் பார்த்துக்கொண்ட வீரர்களை அக்டோபரில் சேர்த்து நிறுத்தி ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெறு என்றோம். 2023 ஜூலையில் 99ஆம் இடத்தில் இருந்த அணி 2025 ஜூலையில் 133இல் இருந்தது. காலித் ஜமீல் இன்னும் பொறுப்பே ஏற்கவில்லை அப்போது. இவையெல்லாம் எனக்குத் தெரிந்திருந்தன. நாளிதழில் படித்திருந்தேன், பேசியும் இருந்தேன். தெரிந்தும் அந்தக் காலையில் டீக்கடையில் என் வாய் கோச்சை மாற்றச் சொன்னது. என் உறுத்தலின் நடுப்பகுதி இதுதான். ஒப்பந்தத்துக்கு முகம் இல்லை. திடல் இல்லாத ஊருக்கு முகம் இல்லை. எல்லைக்கோட்டில் நிற்கிறவருக்கு முகம் இருக்கிறது. 2018 ஜூனில் மும்பையில் 2,569 பேர் மட்டும் வந்த ஓர் ஆட்டத்துக்குப் பிறகு, அரங்கத்துக்கு வந்து எங்களைத் திட்டவாவது செய்யுங்கள் என்று சேத்ரி கையெடுத்துக் கேட்டாரே, அப்போதிருந்து திட்டுவதை ஒரு கடமை போலவே செய்து வந்திருக்கிறேன். அன்பினால்தான் திட்டினேன், அதில் எனக்கு ஐயமில்லை. அன்பு இருந்தும் பார்வை தவறியிருக்கிறது.

டிசம்பரில் ஒரு நாள் ஷிஃப்ட் முடிந்து சைக்கிள் ஸ்டாண்டில் தௌபால் பையனிடம் இந்த உறுத்தலைச் சொன்னேன். அவன் பொறுமையாகக் கேட்டான். பிறகு, "அண்ணா, உங்க ஊர்ல கோச் யாரு?" என்றான். எந்த அணிக்கு என்று கேட்டேன். "அணிக்கு இல்ல அண்ணா. உங்க தெருவுல. சின்னப் பசங்களுக்கு." அவன் ஊரில் ஒவ்வொரு பேட்டையிலும் ஒரு கிளப், ஒவ்வொரு கிளப்பிலும் ஒரு பழைய ஆட்டக்காரர், விடிகாலையில் நெல் அறுத்த வயலில் பையன்களை ஓடவிடுவாராம். ஜீக்சனின் அப்பாவே பையனுக்கு முதல் வாத்தியாராம். நான் யோசித்துப் பார்த்தேன். கண்டனூரிலிருந்து கிளம்பி பெங்களூரு எஃப்சிக்கு ஆட வந்த சிவசக்தி நாராயணனைத் தெரியும், சென்னையின் நந்தகுமார் சேகரைத் தெரியும். அவர்களுக்கு முதல் உதை சொல்லிக்கொடுத்தவர்களைத் தெரியாது. ஓசூரில் என் தெருவில், பாகலூர் ரோட்டை ஒட்டிய என் பேட்டையில், யாரும் இல்லை. என் பையன் வயதுப் பிள்ளைகள் ரியல் எஸ்டேட் கல் நட்ட மனைகளில் ஆடுகிறார்கள், வீடு எழும்ப எழும்ப அடுத்த மனைக்குத் தள்ளிப்போகிறார்கள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் தௌபால் பையன் அந்த மனைகளுக்கு வருகிறான். நான் பந்துக்குக் காற்றடிக்கும் பம்பை எடுத்துப் போகிறேன். ஊசியை எச்சில் தொட்டு ஈரப்படுத்திப் பந்தின் ரப்பர் வாய்க்குள் விட வேண்டும், காய்ந்த ஊசியைக் குத்தினால் வாய் கிழிந்துவிடும். பதினான்கு பையன்கள், மூன்று பெண் பிள்ளைகள். தமிழ், தெலுங்கு, கன்னடம், ஒடியா, பாதி இந்தி. வரும் பந்தைக் காலின் உட்பக்கத்தால் வாங்கி நிறுத்துவதை மட்டும் ஒரு மணி நேரம் செய்ய வைக்கிறான், வேறு எதுவும் இல்லை. எனக்கு அலுத்தது, பிள்ளைகளுக்கு அலுக்கவில்லை. பந்து வரும்போது காலைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக் கொடுக்க வேண்டும். கோழிக்குஞ்சை வாங்குகிற மாதிரி என்கிறான். சரியாக வாங்கினால் சத்தமே வராது. ஐந்தரைக்குப் பிறகுதான் ஆட்டம். ஹாலோ பிளாக் கல் இரண்டிரண்டு வைத்துக் கோல். போன வாரம் கல் வைக்கிற வேலையை என்னிடம் விட்டான். பகலெல்லாம் மைக்ரான் கணக்கில் அளக்கிறவன் நான், குதிகாலோடு விரல்நுனி சேர்த்து ஏழடி எண்ணி வைத்தேன். எதிர்ப்பக்கம் ஒரு பையன் எண்ணி வைத்திருந்தான். ஆட்டம் தொடங்கப்போகும் நேரத்தில் எட்டு வயதுப் பெண் ஒருத்தி நடுவே வந்து நின்றுகொண்டு ஒத்துக்கொள்ள முடியாது என்றாள். "உங்க காலு பெருசு மாமா. எங்க கோல் அகலமா இருக்கு." இரண்டு பக்கமும் அவள் காலாலேயே அளக்க வேண்டும் என்றாள். எல்லோரும் காத்திருக்க, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கீழே குனிந்தபடி ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே நடக்க ஆரம்பித்தாள்.